கார்கிலுக்குப் போகாத அப்பா

அன்புள்ள சார்,

உங்கள் தெருவில் இருந்த பட்டாளத்து மாமாவைப் பற்றி முன்பு ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அதை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதம். என் அப்பா தவறி மூன்று வாரம் ஆகிறது. 62 வயது. 1982-இல் பட்டாளத்தில் சேர்ந்து 1999 பிப்ரவரியில் வெளியே வந்தவர். பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் அவர் நண்பர்கள் பனிமலை, பீரங்கி எல்லாம் வைத்து 'கார்கில் போர் வீரர்' என்று போட்டுவிட்டார்கள். அப்பா கார்கிலுக்குப் போகவே இல்லை. போனது இலங்கைக்கு. அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெட்டியில் ஒரு போட்டோ இருக்கிறது, பின்னால் 'யாழ்ப்பாணம்' என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். முப்பதாம் நாள் படத்திறப்புக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். "கார்கில்னே இருந்துட்டுப் போகட்டும், இலங்கைன்னு போட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவான்" என்கிறார் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொன்று, அப்பா மீது தேசியக் கொடி போர்த்தப் போனோம், கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பதினேழு வருடம் உழைத்தவருக்கு அதற்குக்கூடத் தகுதி இல்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், மன்னிக்கவும்.

கொடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தடுத்தவர்கள் சொன்ன விதம் எப்படியோ, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1971-இன் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, அரசு மரியாதையோடோ முப்படை, துணை ராணுவ மரியாதையோடோ நடக்கும் இறுதிச் சடங்கில்தான் கொடியைப் போர்த்தலாம். ஓய்வுபெற்று வந்து வீட்டில் இறக்கும் சிப்பாய்க்குப் பொதுவாக அந்த மரியாதை வந்து சேர்வதில்லை. தகுதி பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இல்லை.

கார்கிலுக்கு வருகிறேன். உங்கள் அப்பா பிப்ரவரியில் வந்தார், மே மாதம் சண்டை தொடங்கியது. அந்த வருடம் ஊருக்கு வந்த பட்டாளத்துக்காரர் எல்லோரிடமும் டீக்கடையில் ஒரே கேள்விதான்: "கார்கில்ல இருந்தீங்களா?" முதல் பத்துப் பேருக்கு இல்லை என்று சொல்லியிருப்பார். பதினோராவது ஆளுக்குத் தலையை ஆட்டியிருப்பார். எங்கள் மாமாவும் அப்படித்தான். அவர் 1992-லேயே வந்தவர், அவரையே கார்கில் என்றார்கள்! வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்தப் பக்கத்திலேயே இந்தக் கதி.

ஊருக்குப் பெருமைப்பட ஒரு சண்டை வேண்டும். இலங்கை அதற்குத் தோதானது இல்லை. 1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், போன நம் படைக்கு அமைதிப் படை என்று பெயர், மாலை போட்டு வரவேற்பு. அக்டோபரில் புலிகளோடு சண்டை. அந்த மாதம் 21-ஆம் தேதி, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை புகுந்தது. நோயாளிகளும் டாக்டர்களும் ஊழியர்களும் செத்தார்கள். நம் பக்கத்திலும் இரண்டரை வருடத்தில் கிட்டத்தட்ட 1,200 பேர் போனார்கள். 1990 மார்ச் 24-இல் கடைசிக் கப்பல்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்பின. சென்னையில் வரவேற்பு. அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படையில் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள், இருபத்து நாலு இருபத்தைந்து வயதில். அவர்கள் தங்கள் ஊருக்குத்தான் திரும்பி வந்தார்கள்.

எங்கள் மாமாவும் இலங்கைக்குப் போனவர்தான். எம்.இ.ஜி., அதாவது பெங்களூர் அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படை. அந்தப் படைக்காரர்களுக்கு ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் பெயர். இலங்கைத் தெருக்களில் கண்ணிவெடி தேடுவது இவர்கள் வேலை. தமிழ் தெரியும் என்பதால் வீட்டுக் கதவைத் தட்டவும் இவரையே முன்னால் தள்ளுவார்களாம். ஒருநாள் ஒரு கிழவி கதவைத் திறந்து, "தம்பி, நீங்கள் எவடம்?" என்று கேட்டிருக்கிறார். மாமாவுக்கு 'எவடம்' புரியவில்லை. "எந்த ஊர் எண்டு கேட்டனான்." வேலூர் என்று சொல்லியிருக்கிறார். கிழவி அவர் சட்டையையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டு, "பிறகேன் இஞ்ச வந்தனீங்கள்?" என்றாராம். பின்னால் நின்ற சுபேதார், கிழவி என்ன சொல்கிறாள் என்று இந்தியில் கேட்க, மாமா சொன்ன பதில்: "தண்ணி வேணுமான்னு கேக்கறாங்க சாப்."

இவ்வளவுதான் அவர் என்னிடம் சொன்னது. அதுவும் ஒரே ஒரு தடவை, கேண்டீன் ரம் உள்ளே போன ஒரு ராத்திரி. மறுநாள் நான் மேலே கேட்டபோது, "தண்ணி வேணுமான்னு கேட்டாங்க, குடுத்தாங்க, குடிச்சேன்" என்று முடித்துவிட்டார். சுபேதாருக்குச் சொன்ன பதிலையே எனக்கும் சொன்னார்.

பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளிகிற சிப்பாய் எல்லாம் சினிமாவில்தான். மாமா சரவெடியைக் கையில் பிடித்துக் கொளுத்துவார். ஐந்து மணிக்கு ஷேவிங், போர்வையில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, பஸ் லேட்டானால் கண்டக்டருக்கு இந்தியில் திட்டு. முப்பத்தாறு முப்பத்தேழு வயதில் ஒருவனை 'ஓய்வு' என்று அனுப்பிவிட்டால், மீதி வாழ்க்கைதான் நீளமானது. உங்கள் அப்பா சீருடையில் இருந்ததைவிட ஏ.டி.எம். வாசல் நாற்காலியில் உட்கார்ந்த வருடங்கள் அதிகம். அந்த ராத்திரிகளைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், இல்லையா?

மாமாவின் கடைசி வாரம் ஆஸ்பத்திரியில். நினைவு தப்பித் தப்பி வந்தது. "பேர் சொல்லுங்க ஐயா" என்று நர்ஸ் கேட்டால் முதலில் ஆர்மி நம்பர், அப்புறம் ரேங்க், அப்புறம்தான் பேர். அந்தப் பெண் அதை மகனுடைய செல் நம்பர் என்று நினைத்துச் சீட்டில் எழுதிவைத்து, "ரிங் போகலையே" என்று எங்களிடமே வந்து கேட்டார். சுடுகாட்டுக்கு நாலு பழைய ஆட்கள் தொப்பி போட்டு வந்தார்கள். ஒருவருக்கு முட்டி மடங்காது. வரிசையாக நின்று ஒரு சல்யூட். வெட்டியான் "சீக்கிரம் ஆகட்டுங்க" என்றார். அவருக்கு அன்று இன்னும் இரண்டு இருந்தது.

பத்திரிகையில் கார்கில் வேண்டாம். கார்கிலில் செத்தவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுடையது. 'இந்திய ராணுவம், 1982–1999. இலங்கை உட்பட' என்று போடுங்கள். நாலு பேர் பேசினால் பேசட்டும். அம்மாவுக்குச் சங்கடம் என்றால் வருடங்களை மட்டும் போடுங்கள், அதிலும் பொய் இல்லை. இலங்கையில் செத்த நம் சிப்பாய்களுக்கு அந்த நாடே ஜயவர்தனபுர கோட்டேயில் 2008-இல் நினைவுச் சின்னம் திறந்தது. நம் தெரு பிளக்ஸில் ஒரு வரிக்கு இடம் இருக்காதா?

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பென்ஷன் இறந்த நாள் வரைக்கும்தான். அதற்கு மேல் கணக்கில் ஏறிய பணத்தை எடுத்துவிடாதீர்கள், பிறகு பிடிப்பார்கள். குடும்ப ஓய்வூதியம் ஏழு வருடம், அல்லது அப்பாவுக்கு 67 நிறைந்திருக்கும் நாள், எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதத்தில் வரும், அப்புறம் குறையும். பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் ஆணையில், அம்மா பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். லட்சுமிக்கும் மகாலட்சுமிக்கும் நடுவில் மாமி ஒரு வருடம் அலைந்தார். ஓரெழுத்து மாறியிருந்தாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு போங்கள்.

அந்த யாழ்ப்பாணம் போட்டோவை ஸ்கேன் செய்து அனுப்ப முடியுமா? பின்பக்கத்தையும் சேர்த்து. அவர் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.