மலையில் அணையும் பழைய 207: டீசல் டேங்கை வெட்டிப் பெரிதாக்கலாமா?

கேள்வி: என்னுடையது 2007 மாடல் டாடா 207 டி.ஐ. பிக்கப் வண்டி. ஒட்டன்சத்திரத்திலிருந்து உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். டீசல் முள் கால் பாகத்துக்கு வந்துவிட்டால் மலை ஏறும்போது இழுவை குறைந்து இன்ஜின் அணைந்துவிடுகிறது. பிரைமிங் பம்பை (கையால் அடித்து டீசலை ஏற்றும் பம்ப்) அடித்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். டேங்குக்குள் துருவும் இருக்கிறது. கேரளாவில் டீசல் விலை கூடுதல் என்பதால், இந்த டேங்கையே வெட்டி ஒட்டி 50 லிட்டர் கூடுதலாகப் பிடிக்கிற மாதிரி செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இன்ஜின் அணைவது ஒரு வியாதி, துரு இன்னொரு வியாதி, கேரள விலை என்பது வியாதியே இல்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே வெல்டிங் வைத்தியம் பார்க்கிறார் உங்கள் பட்டறைக்காரர். டேங்க் பெரிதானாலும் கால் பாகத்துக்கு இறங்கத்தான் போகிறது. அப்போது இதே மலையில் இதே இடத்தில் மறுபடி நிற்பீர்கள்.

முதலில் ஏன் அணைகிறது என்று பார்ப்போம். ஒரு கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்: சமதளத்திலும் முள் அதே இடத்துக்கு வந்தால் அணைகிறதா, இல்லை ஏற்றத்தில் மட்டுமா?

சமதளத்திலும் அணைகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் மேல்தான். இரும்புக் குழாய். 15 வருஷத்துக்கு மேல் டீசலும் தண்ணீரும் மாறி மாறி நனைத்ததில் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும். டீசல் அந்த ஓட்டைக்கு மேலே நிற்கிற வரை ஒன்றும் தெரியாது. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் குழாய் டீசலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். எத்தனையோ வண்டிகளில் ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுப்பது), ஃபில்டர், நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது) என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசியில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறோம். பார்ப்பது சுலபம். குழாயைக் கழற்றி, அடி முனையை விரலால் நன்றாக அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மேல் முனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று விடுங்கள். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பது போலத்தான். குமிழி வந்தால் ஆள் மாட்டிக்கொண்டார்.

ஏற்றத்தில் மட்டும் அணைகிறது என்றால் விஷயம் வேறு. டேங்க் 80 செ.மீ. நீளம், 28 செ.மீ. உயரம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கால் டேங்க் என்றால் அடியில் 7 செ.மீ. டீசல். பத்தடி ஓடினால் ஓரடி உயர்கிற ஏற்றத்தில் டேங்கின் முன்முனைக்கும் பின்முனைக்கும் 8 செ.மீ. மட்ட வித்தியாசம் வந்துவிடும். பின்பக்கம் 11, முன்பக்கம் வெறும் 3. குழாய் முன்பக்கமாக இறங்கியிருந்து, வளைவில் டீசல் ஒரு பக்கம் அலையடித்து ஒதுங்கினால் குழாயின் வாய் ஒரு நொடி வெளியே தெரியும். அந்த ஒரு நொடிக் காற்று போதும், ஏர் எடுத்து வண்டி அணைவதற்கு. புது டேங்கில் இதைத் தடுக்கத்தான் உள்ளே தடுப்புத் தகடு வைத்திருப்பார்கள். உங்கள் டேங்கில் அந்தத் தகட்டின் ஒட்டு விட்டுப்போயிருக்கலாம். டேங்கைக் கழற்றி ஆட்டிப் பார்த்தால் உள்ளே தகரம் மோதுகிற சத்தம் கேட்கும்.

மூன்றாவது சந்தேகம் மூடி. ஒரிஜினல் மூடி தொலைந்து, பாலிதீன் கவரை வைத்து ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறும். வண்டி அணைந்த உடனே மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் ஒரு மூடி விலையில் வேலை முடிந்தது.

சரி, ஏற்றத்தில்தான் பிரச்சினை என்று உறுதியானால் டேங்கில் ஒரு மாற்றம் செய்யத்தான் வேண்டும். ஆனால் அது பெரிதாக்குவது அல்ல, உறிஞ்சும் இடத்தை மாற்றுவது. மேல் தட்டில் குழாயைப் பிடித்திருக்கிற ஃபிளாஞ்சை அப்படியே வைத்துக்கொண்டு, புதுக் குழாயை உள்ளே பின்பக்கம் நோக்கி வளைத்து இறக்கலாம். குழாயின் முனையைச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் அடித்தகட்டில் ஒட்டிக்கொண்டு தன் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும். முனைக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் 12 மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள். அடியில் தங்குகிற தண்ணீரும் கசடும் அங்கேயே கிடக்கட்டும். குழாயின் உள்விட்டம் பழையதைவிடச் சிறிதாகக் கூடாது. டீசல் முள்ளை ஆட்டுகிற மிதவையின் கை (ஃப்ளோட் கை) புதுக் குழாயில் இடிக்கிறதா என்று மூடுவதற்கு முன் கையாலேயே மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். இடித்தால் டேங்க் காலியான பிறகும் முள் பாதியில் நிற்கும்.

செப்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று சிலர் அதைப் போடுகிறார்கள். போடாதீர்கள். செம்பு பட்டால் டீசல் சீக்கிரம் கெட்டுப் பிசின் கட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் ஜி.ஐ. தகடும் அதைவிட மோசம். துத்தநாகம் டீசலில் கரைந்து நாசில் வரை போய்ப் படியும். சாதாரண ஸ்டீல் குழாய் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அவ்வளவுதான். ஹோஸும் டீசலுக்கென்று விற்பதாக இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸ் ஆறே மாதத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். பழைய ஹோஸில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்றை மட்டும் உள்ளே இழுக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

துரு விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஜல்லி போட்டு ஆட்டிக் கழுவி, உள்ளே ஏதோ பெயின்ட் ஊற்றித் தருவார்கள். பெயின்ட் ஒரு வருஷத்தில் உரிந்து ஃபில்டரில் வந்து உட்காரும். துரு மேலோட்டமாக இருந்தால் கழுவினால் மட்டும் போதும், கடைசியாக நல்ல டீசலாலேயே ஒரு தடவை அலசி எடுங்கள். தகட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறது என்றால் அந்த டேங்க் காயலான் கடைக்குத்தான். அதே அளவில் வேறு நல்ல டேங்க் வாங்கி மாட்டுங்கள்.

இப்போது வெல்டிங். 'பெட்ரோல் மாதிரி இல்லை, டீசல் டேங்க் தீப்பிடிக்காது' என்ற தைரியத்தில்தான் விபத்து நடக்கிறது. நம் நாட்டுத் தர விதிப்படி டீசலின் தீப்பற்றும் நிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்கிற சூடு, குறைந்தபட்சம் 35 டிகிரி. சித்திரை வெயிலில் நிற்கிற டேங்கின் தகடு அதைச் சாதாரணமாகத் தாண்டும். வெல்டிங் ராடு பட்ட இடத்தில் எத்தனை நூறு டிகிரி என்று சொல்லவே வேண்டாம். நிறைந்த டேங்கைவிட வழித்து எடுத்த காலி டேங்க்தான் ஆபத்து, ஏனென்றால் உள்ளே முழுக்க ஆவியும் காற்றும்.

நான் உதவியாளாக இருந்த காலத்தில் ஒரு பட்டறையில் பார்த்தேன். மூன்று நாள் வெயிலில் காய்ந்த டேங்க், மூக்கை வைத்தால் வாசனைகூட இல்லை. ராடு வைத்த சில விநாடிகளில் மடிப்பில் ஒட்டியிருந்த கசடு சூடாகி ஆவியானது. டேங்கின் ஒரு பக்கத் தகடு தலையணை போல உப்பித் தெறித்தது. வெல்டர் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தார். சத்தத்தில் எனக்கு அன்று சாயங்காலம் வரை காது அடைத்துக்கொண்டது.

அப்படியும் ஒட்டியே தீர வேண்டும் என்றால், சோப்புத் தூள் கலந்த கொதிநீரால் பல தடவை கழுவி, உள்ளே நீராவி விட்டு, ஒட்டுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். இதே வேலையைத் தினமும் செய்கிற டேங்க் கடையில் கொடுங்கள். வீட்டு வாசலில் வேண்டாம்.

அப்புறம் அந்தக் கூடுதல் 50 லிட்டர். டீசல் லிட்டருக்கு 830 கிராம் அளவில் எடை இருக்கும். 50 லிட்டருக்கு 41.5 கிலோ. தகடு, பிராக்கெட் எல்லாம் சேர்த்தால் 55 கிலோவைத் தொடும். தக்காளி 14 கிலோப் பெட்டியில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நான்கு பெட்டி. விலை வித்தியாசம் லிட்டருக்கு 3 ரூபாய் என்று வைத்தாலும் 50 லிட்டரில் மிச்சம் 150 ரூபாய். நான்கு பெட்டிக்கு வாடகை என்ன வாங்குகிறீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போக வர 300 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். மலையில் லிட்டருக்கு 9 கொடுத்தாலும் 33 லிட்டர்தான். உங்கள் ஒரிஜினல் டேங்கே அதைவிட நிறையப் பிடிக்கும். கால் டேங்கோடு மலை ஏறுகிறீர்கள் என்றால் 2,000 ரூபாய்க்கு அடித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்று அர்த்தம். உடுமலையிலேயே ஃபுல் பண்ணிவிடுங்கள், கேரளப் பங்க் பக்கமே போக வேண்டியதில்லை. மூணாறுக் குளிரில் ராத்திரி முழுக்க நிற்கும்போது காலி இடத்தில் ஈரம் படிந்து தண்ணீர் சேர்வதும் குறையும்.

இரண்டாவது டேங்க் தனியாக மாட்டுவதைப் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். அதில் எல்லாரும் மறப்பது ரிட்டர்ன் லைன். பம்பிலும் நாசிலிலும் மிச்சமாகிற டீசல் திரும்பி டேங்குக்குத்தான் வருகிறது. இரண்டாவதில் உறிஞ்சி, ரிட்டர்னை முதல் டேங்கிலேயே விட்டுவைத்தால், முதல் டேங்க் நிறைந்து மூடி வழியாக ரோட்டில் ஊற்றும். கொண்டை ஊசி வளைவில் ஊற்றினால் பின்னால் வருகிற பைக்காரர் கதி என்ன? இரண்டு லைனையும் சேர்த்தே மாற்றுகிற வால்வு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்கில் உள்ளதற்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் காலி எடை ஆர்.சி.யில் இருக்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை அழுத்தமாகவே உறுதி செய்தது. பிரிவு 182ஏ-இன்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். உங்கள் வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகிற வயது. வெட்டி ஒட்டிய டேங்க் அங்கே கண்ணில் படும். அதே அளவு டேங்க் மாற்றுவதிலும், உள்ளே குழாயைத் திருத்துவதிலும் இந்தத் தலைவலி இல்லை.

டேங்கைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை. டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்குப் போகிற ஹோஸை எடுத்துவிட்டு, பத்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் நிரப்பி அதிலிருந்து உள்ளே ஓடுவது தெரிகிற ஹோஸ் கொடுங்கள். சைலன்சர் பக்கம் ஹோஸ் போகக் கூடாது. கேனை மேலே பாடியில் கட்டினால் டீசல் தானாகவே இறங்கி, ஃபீட் பம்பின் குறையை மறைத்துவிடும். டேங்க் மட்டத்திலேயே சேசிஸ் ஓரமாக நன்றாகக் கட்டுங்கள். லோடு இல்லாமல், பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். அணையாமல் ஏறினால் குறை டேங்கிலோ, எடுத்துவிட்ட அந்தப் பழைய ஹோஸிலோதான், மேலே சொன்ன வேலையைத் தொடங்கலாம். கேன் வைத்தும் அணைந்தால் டேங்கைத் தொடவே வேண்டாம், ஃபீட் பம்பைக் கழற்றி வால்வுகளைப் பாருங்கள்.