வெல்டிங் படித்த மகனின் கடனை என் சேமிப்பிலிருந்து அடைக்கலாமா?

கேள்வி: மிச்சிகனில் கிரீன் கார்டில் இருக்கிறோம். எனக்கு வயது 52. என் மகன் (20) கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருட வெல்டிங் சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டான். மத்திய அரசின் கல்விக் கடன் 5,500 டாலர், வட்டி 6.53%. தனியார் வங்கிக் கடன் 6,000 டாலர், வட்டி 12%, தவணை 5 வருடம். வங்கிக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மணிக்கு 19 டாலர் சம்பளத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கடனோடு வாழ்க்கையைத் தொடங்க வேண்டாமே என்று, என் 401(கே) எனும் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்து அடைத்துவிட நினைக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம் ஐயா. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக 10% அபராதம். நீங்கள் 22% வருமான வரி அடுக்கில் இருந்தால் அதுவும், மாநில வரி 4.25 சதவீதமும் சேரும். 11,500 டாலர் கைக்கு வர, கிட்டத்தட்ட 18,000 டாலரை எடுக்க வேண்டியிருக்கும். பிள்ளை மேல் உள்ள பாசத்துக்கு இது மிக அதிக விலை.

மகனின் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 19 டாலர் என்றால் முழுநேர வேலையில், ஓவர்டைம் சேர்க்காமல், வருடத்துக்கு 39,520 டாலர். அரசுக் கடனுக்கு 10 வருடத் தவணையில் மாதம் சுமார் 63 டாலர், வங்கிக்கு 133. இரண்டும் சேர்ந்து சம்பளத்தில் 6 சதவீதம்தான். சான்றிதழ் படிப்புகளின் கடன் சுமையை எடைபோட அமெரிக்கக் கல்வித் துறை 2023-இல் வகுத்த அளவுகோல்களில் ஒன்று, ஆண்டுச் சம்பளத்தில் 8 சதவீதம். அவன் அதற்குள்தான் இருக்கிறான். 2024 மே மாத அரசுக் கணக்கில் வெல்டர்களின் நடுமட்ட ஆண்டு ஊதியம் 51,000 டாலர். பல வருடம் தொழில் பார்த்தவர்களும் அதில் அடக்கம். இருபது வயதில் 39,520 நல்ல தொடக்கம். சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் சம்பளத்தோடு தயவுசெய்து ஒப்பிடாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த வங்கிக் கடன். வட்டி அதிகம் என்பது ஒரு பக்கம். அவன் ஒரு தவணை தவறினால் உங்கள் கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து விழும் என்பது இன்னொரு பக்கம். கார்த் தொழிலை நம்பிய ஊரில் லே-ஆஃப் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வேலை போனால் அரசுக் கடனில் தவணையைத் தள்ளிப்போட வழி உண்டு. வங்கியிடம் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்காதீர்கள். அதனால் அரசுக் கடனுக்குத் தவணையை மட்டும் கட்டட்டும். தவணை கணக்கிலிருந்து தானாகவே போகும் ஆட்டோ-பேயில் போட்டால் வட்டியில் கால் சதவீதம் குறையும். மிச்சம் பிடிப்பதெல்லாம் வங்கிக் கடனுக்குப் போகட்டும். உங்கள் வீட்டிலேயே தங்கி மாதம் 400 டாலர் கட்டினால் 17 மாதத்தில் முடிந்துவிடும். வட்டி சுமார் 530 டாலர். ஐந்து வருடம் இழுத்தால் 2,000. அதுவரை புது டிரக் லோன் பக்கமே போகக் கூடாது. 26 வயது வரை அவன் உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே இருக்கலாம், அந்தச் செலவும் இப்போதைக்கு இல்லை.

வேலையில் சேரும் முன் எச்.ஆரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: கல்விக் கடனை அடைக்கவோ மேலே படிக்கவோ கம்பெனி உதவுமா? வருடத்துக்கு 5,250 டாலர் வரை அப்படித் தந்தால், அதற்கு அவன் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அந்த உதவி கிடைக்குமானால், மணிக்கு ஒரு டாலர் கூடுதலாகத் தருகிற வேறு இடத்தைவிட இந்த 19 டாலர் வேலையையே நான் எடுக்கச் சொல்வேன்.