தூண்டில்காரர்களுக்கு ஒரு கட்சியா?

கேள்வி: நான் சிட்னியில் இருக்கிறேன். துப்பாக்கிக்காரர்கள், தூண்டில்காரர்கள், விவசாயிகள் என்று மூன்று பேரையும் சேர்த்துப் பெயர் வைத்த கட்சி ஒன்று இங்கே இருக்கிறது. லீவு நாளில் மீன் பிடிப்பதற்கெல்லாம் ஒரு கட்சியா? இதையெல்லாம் அரசியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிழைப்புக்கு வலை வீசுபவர் வேறு, சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தூண்டிலோடு பாறையில் உட்காருபவர் வேறு. ஆனால் ஓட்டு இருவருக்கும் ஒன்றுதான். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2001 முதல் கடலில் தூண்டில் போடவும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு வணிக மீனவர்களின் உரிமங்களை வாங்கி, பாட்டனி பே, லேக் மக்குவாரி உட்பட 30 இடங்களைத் தூண்டிலுக்கென்றே ஒதுக்கினார்கள். பணம் கட்டுகிறவர் சட்டசபையில் தன் குரலும் ஒலிக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

இந்தக் கட்சி 1992ல் துப்பாக்கிக்காரர்களுக்காகத் தொடங்கியது. 2009ல் தூண்டில்காரர்களையும் 2016ல் விவசாயிகளையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. 42 பேர் கொண்ட மேலவையில் இவர்களுக்கு ஒன்றிரண்டு இடம்தான். ஆனால் 2011க்குப் பிறகு அரசு மசோதாக்களை நிறைவேற்ற அந்த இரண்டு ஓட்டு தேவைப்பட்டது. 2012ல் மின் நிலையங்களை விற்கும் மசோதாவுக்கு ஆதரவு கொடுத்தார்கள். பதிலுக்கு, தேசியப் பூங்காக்களில் வேட்டையாட அனுமதி தருவதாக அரசு அறிவித்தது. சின்னக் கட்சிதானே என்று நீங்கள் அலட்சியமாக நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். இத்தனை பலத்தை இவர்கள் எதற்குச் செலவழித்தார்கள்? கடல் பூங்காக்களுக்குள் மீனே பிடிக்கக்கூடாத பகுதிகள் உண்டு. மாநிலக் கடற்பரப்பில் அவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கேயும் தூண்டில் போட விட வேண்டும் என்பதே ஆண்டுக்கணக்கில் இவர்களின் பெரிய சண்டை. மீன் முட்டையிட்டுப் பெருகக் கொஞ்சம் இடம் விட்டால், பக்கத்துக் கடலில் தூண்டில் போடுபவருக்கும் அது நல்லதுதானே?

அப்புறம் மெனிண்டி. மாநிலத்தின் மேற்கே, டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. 2018 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் டார்லிங் ஆற்றில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஓட்டமில்லாமல் தேங்கிக் கிடந்த தண்ணீரில் பாசி மண்டியது. கடும் வெயிலுக்குப் பின் திடீரென்று குளிர, அடியிலிருந்த ஆக்சிஜன் அற்ற நீர் மேல்நீரோடு கலந்தது. மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன. செத்துப்போன பெரிய மரே காட் மீன்களைக் கையில் ஏந்தியபடி உள்ளூர்க்காரர்கள் இருவர் தண்ணீரில் நின்று பேசிய காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், 40 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய மீன் அது. அதன் வயதைக் கேட்டால் எந்தத் தூண்டில்காரருக்கும் வயிறு எரியும். வறட்சி மட்டும் காரணமல்ல, ஆற்றிலிருந்து அளவுக்கு மேல் தண்ணீர் எடுத்ததும் காரணம் என்று ஆஸ்திரேலிய அறிவியல் அகாதமியின் குழு சொன்னது.

மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். இரண்டே மாதத்தில், 2019 மார்ச்சில், மெனிண்டி அடங்கிய பார்வன் தொகுதி இந்தக் கட்சிக்கு வந்தது. 1950 முதல் அது கிராமப்புறத்தில் வலுவான நேஷனல்ஸ் கட்சியின் கோட்டை. மரே தொகுதியும் கிடைத்தது. ஏற்கெனவே கையிலிருந்த ஒரு தொகுதியோடு சேர்த்துக் கீழவையில் மூன்று இடம். மீனுக்காகப் பேசுகிற கட்சிக்கு ஆற்றுக்காக விழுந்த ஓட்டு அது. இதைவிடப் பெரிய வாய்ப்பு எந்தச் சின்னக் கட்சிக்கு வரும்? மரே உறுப்பினர் ஹெலன் டால்டன், தண்ணீர் விவகாரத்தில் தலைமையோடு மோதி 2022ல் வெளியேறினார். அவரைப் பற்றித் தலைவர் பேசிய பேச்சு பொறுக்காமல் மற்ற இரண்டு கீழவை உறுப்பினர்களும் அதே ஆண்டு விலகினார்கள். 2023 மார்ச் தேர்தலில் மூவரும் சுயேச்சையாக நின்று ஜெயித்தார்கள். கட்சிக்குக் கீழவையில் ஓர் இடம்கூட இல்லை. அந்தத் தேர்தலுக்குச் சில நாள் முன்னால்தான் மெனிண்டியில் மறுபடியும் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

உங்களுக்கு அங்கே ஓட்டு இருந்தால், இந்தக் கட்சியின் வேட்பாளர் வரும்போது கடற்கரையைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, டார்லிங்கில் ஓட வேண்டிய தண்ணீருக்காக எந்த மசோதாவில் எப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று கேளுங்கள்.