'செட் மீ'யும் தவறு, 'டோல்ட் டு மீ'யும் தவறு: ஏன்?

ஃபைலை அனுப்பும்படி மேலாளர் என்னிடம் சொன்னார் என்பதை ஆங்கிலத்தில் "மை மேனேஜர் செட் மீ டு சென்ட் த ஃபைல்" என்பதும் தவறு, அதை "டோல்ட் டு மீ" என்று மாற்றினாலும் தவறு என்றால் எதுதான் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். "டோல்ட் மீ டு சென்ட் த ஃபைல்" என்பதே சரி.

'டெல்' (இறந்தகாலத்தில் 'டோல்ட்') வந்தால் கேட்பவரைக் குறிக்கும் சொல் உடனே பின்னால் வர வேண்டும், இடையில் 'டு' கூடாது. 'என்னிடம் சொன்னார்' என்று மனதில் ஓடும்போது அந்த 'இடம்' உருபைத்தான் நாம் 'டு' ஆக்கிவிடுகிறோம். 'ஸே'க்குப் (இறந்தகாலத்தில் 'செட்') பின்னால் வருவது செய்தி: "ஹி செட் ஹி வாஸ் பிஸி". ஆளையும் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் "செட் டு மீ". அதுவும் சொன்ன வார்த்தைகளை அப்படியே மேற்கோளாகத் தரும்போது இயல்பாக ஒலிக்கும். வேலை ஏவுவதற்கு யோசிக்காமல் 'டெல்' போடுங்கள்.

செயப்பாட்டு வினையில், 'என்னிடம் சொன்னார்கள்' என்ற பொருளில் "ஐ வாஸ் டோல்ட்" உண்டு, "ஐ வாஸ் செட்" கிடையவே கிடையாது. ஆனால் "ஹி இஸ் செட் டு பி ரிச்" சரிதான். பணக்காரர் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று பொருள்.

"டெல் எ லை", "டெல் த ட்ரூத்", "டெல் எ ஸ்டோரி" ஆகியவற்றுக்கு ஆள் தேவையில்லை. இவற்றுக்கு விதி தேடாதீர்கள், மனப்பாடம்தான்.