பழைய ஃபான்ட்டில் முடங்கிய குடமுழுக்கு மலர்

கேள்வி: எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். 2001-ல் கோயில் குடமுழுக்குக்குப் போட்ட மலரின் வேர்டு ஃபைல் கிடைத்திருக்கிறது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. இதை இணையத்தில் ஏற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. ஃபைலில் எதுவும் அழியவில்லை. அன்றைய டிடிபி சென்டர்களில் இருந்த பல ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துக்குக் கணினி தரும் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தன. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்ற வேறு தமிழ்க் குறியீடுகளை ஏற்று, 2010-ல்தான் யூனிகோடுக்கு மாறியது. அதற்குள் டெல்டாவில் எத்தனை மலர்கள் அச்சாகியிருக்கும்! கோயில் நிலத்துக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர், எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் மண்டகப்படி என்ற விவரமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. கூகுளில் தேடினால் அகப்படாது. அதனால் இந்த வேலையை நீங்கள் கையில் எடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் ஃபைலை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். வேர்டில் ஃபான்ட் பெயர் தெரியும். தெரியாவிட்டாலும், அரைப்புள்ளி நிறைய வருகிறது என்பதால் பாமினி என்ற ஃபான்ட் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த விசைதான். (தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்திருந்தால் டாப், டாம் அல்லது திஸ்கி என்ற இன்னொரு குறியீடா என்று பார்க்க வேண்டும்.) பழைய ஃபான்ட் எழுத்தை யூனிகோடாக்கும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் ஒரு பத்தியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். தமிழாக வந்தால் முழுவதையும் மாற்றலாம்.

அப்புறம்தான் பொறுமை வேண்டும். மலரில் ஆங்கிலத்தில் இருந்த பெயரும் முகவரியும் மாற்றியில் போய் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். ‘கௌரி’ என்பது ‘கெளரி’ என்று ‘ள’ போட்டு வந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் சிக்காது. அச்சுப் பிரதி யார் வீட்டிலாவது இருக்கும், வாங்கி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நன்கொடையாளர் பட்டியலை மட்டும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு ஏற்றுங்கள்.