404 பிழையை சர்வர் எந்த லாகில் எழுத வேண்டும்?

404 என்றால், கேட்ட பக்கம் சர்வரில் இல்லை என்று பொருள். இதை அக்சஸ் லாகில், அதாவது வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் குறிக்கும் பதிவில், எழுதினால் போதும். எரர் லாக் சர்வரின் சொந்தக் கோளாறுகளுக்கானது. இல்லாத ஆளைத் தேடி வந்தவரைக் காவலாளி வருகைப் பதிவேட்டில்தான் குறிப்பார், லிஃப்ட் பழுது எழுதும் நோட்டில் அல்ல. கலந்துவிட்டால், வேர்ட்பிரஸே (தளம் அமைக்கும் மென்பொருள்) இல்லாத தளத்தில் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் துழாவும் பாட்களின் (தானியங்கி நிரல்களின்) குப்பையில் உண்மையான கோளாறு புதைந்துபோகும். இன்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் மென்பொருள் இயல்பாகவே இல்லாத கோப்புகளை எரர் லாகிலும் எழுதும். அதன் 'லாக்_நாட்_ஃபவுண்ட்' (log_not_found) அமைப்பை ஆஃப் செய்தால் நிற்கும். ஆனால் அக்சஸ் லாகில் ரெஃபரர், அதாவது வந்தவர் எந்தப் பக்கத்து இணைப்பிலிருந்து வந்தார் என்ற குறிப்பு, கட்டாயம் இருக்கட்டும். அங்கே உங்கள் தள முகவரியே தெரிந்தால், பெரும்பாலும் உடைந்த இணைப்பு உங்களுடையதுதான், உடனே திருத்துங்கள். 404 வந்தாலே சர்வர் படுத்துவிட்டது என்று சிலர் பதறுவார்கள். படுத்திருந்தால் 'இல்லை' என்ற பதில்கூட வந்திருக்காது.