மட்டக்களப்பில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆரையம்பதிப் பக்கம் இருக்கிறேன், தினமும் குடிக்கிறேன், விட வேண்டும், விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. நான் களுவாஞ்சிக்குடிக்காரன். மேசன் வேலை. குடியை விட்டு ஏழு வருடமாகிறது.

கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று. தினமும் குடிப்பவர் என்பதால், இன்றிரவே கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரேயடியாக நிறுத்தப் பார்க்காதீர்கள். நான் அப்படித்தான் நிறுத்தினேன். முதல் நாள் வியர்வையும் கைநடுக்கமும். மூன்றாம் நாள் இரவு சுவர் முழுக்கக் கட்டெறும்பு ஊர்வதைக் கண்டேன். தலையணை உறையைக் கழற்றி விடியும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் எதுவும் இல்லை. வீட்டார் ஏதோ பிடித்துவிட்டது என்று நூல் கட்டுபவரை அழைத்துவரப் புறப்பட்டார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்தான், "இது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வருத்தம்" என்று சொல்லி என்னைத் தூக்கி ஏற்றினார்.

சாராயத்துக்குப் பழகிப்போன உடம்பிலிருந்து அதைத் திடீரென்று பறித்தால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சித்தம் கலங்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். வைத்தியசாலையில் நடுக்கத்துக்கு மருந்து தந்து, பி1 விட்டமின் ஊசியும் போட்டார்கள். சில நாளில் தெளிந்துவிட்டேன். ஒரு சதம் கட்டவில்லை.

ஆகவே உங்களுக்கு முதல் வாசல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. அம்பாறைப் பக்கத்தார் தங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள ஆதார வைத்தியசாலையில் கேட்கலாம். உளநலப் பிரிவு என்றால் பைத்தியக்காரருக்கான இடம் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பி நான் நான்கு வருடத்தைத் தொலைத்தேன். துண்டு எடுத்துக்கொண்டு போய், வயிற்றுவலி என்று சுற்றிவளைக்காமல், "குடியை விட வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். விட்டவர்களின் கூட்டம் பற்றியும் அங்கேயே கேளுங்கள். எனக்கு அந்தத் தகவல் அங்கிருந்துதான் கிடைத்தது: ஒரு சிறிய தாளில் ஒரு கிழமையும் ஒரு தொலைபேசி இலக்கமும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற உளநல இலக்கத்துக்கோ, அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கோ அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று எடுத்ததுமே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று நானும் நினைத்தேன். அதற்கு முன் ஒரு ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்தேன். உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுவழியில் இறங்கி, கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுத் தொடவில்லை. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் தவறணையில் இருந்தேன். முருகனைக் குறை சொல்ல மாட்டேன். நடக்கும்போது என்னைச் சுற்றி நூறு பேர் இருந்தார்கள், ஊரில் நான் தனியாள். அந்த வித்தியாசம் கூட்டத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது.

நான் போவது ஏ.ஏ. என்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். அங்கே பெயரை மட்டும் சொன்னால் போதும். ஊர், சாதி, சமயம் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே சேர்வதற்கான தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறிப்பதில்லை, புத்தி சொல்வதுமில்லை. முதல் நாள் பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் தேநீர் சாரத்தில் சிந்தியது. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் கோப்பையைப் பாதிவரை குடித்துவிட்டு என்னிடம் நீட்டி, நிரம்பிய என் கோப்பையை வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கிழமையும் நான் போனதற்கு அவர்தான் காரணம். அந்த நாட்களில் நான் பிடித்தால் தூக்குக்குண்டு நிலைக்கு வராது. மட்டம் பார்க்கவே கூலிக்கு வந்த பையனைக் கூப்பிடுவேன்.

கூட்டம் எந்த இடத்தில் என்று இங்கே பகிரங்கமாக எழுத மாட்டேன். வருகிறவர்களை ஊர் பார்த்துப் பேசும். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது உங்களுக்குத் தெரியும். மனைவி வீட்டில் இருந்துகொண்டு குடித்த மனிதனுக்கு, மாமியார் முகத்தில் விழிப்பதே போதுமான தண்டனை. மனைவிமாருக்கும் குடும்பத்தாருக்கும் அல்-அனன் என்று தனிக் கூட்டம் உண்டு, 1951இல் தொடங்கியது. நீங்கள் விடுவதற்கு முன்பேகூட உங்கள் வீட்டார் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

அருகில் கூட்டம் அகப்படாவிட்டால் தமிழ்நாட்டு ஏ.ஏ. குழுக்கள் இணையவழியில் தமிழில் கூடுகின்றன. அவர்களின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றே, நேரம் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் நேரில் ஒரு ஆளாவது வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகருக்கு வேலையாக வந்த பில் என்பவர், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர், போன காரியம் கெட்டு விடுதியில் தனியாக நின்றார். மதுக்கூடத்தின் சத்தம் கேட்கிறது. அவர் தேவாலயங்களின் இலக்கங்களைப் பார்த்துத் தொலைபேசி எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பொப் என்ற வைத்தியர். அந்த இரண்டு பேரிலிருந்துதான் ஏ.ஏ. தொடங்கியது. இன்றும் இரண்டு மூன்று பேர் குடியை விடுவதற்காகக் கூடினால் அது ஒரு குழுதான்.

முதலில் வைத்தியரைப் பாருங்கள். பிறகு இந்தத் தளத்தில் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், பெயர் வேண்டாம். எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதினால் தரிப்பிடத்தில் நிற்பேன், சேர்ந்தே உள்ளே போகலாம். முதல் நாள் நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை.